எட்டடிப் பறவையும் வாடகை வேடமும்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்புரை

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் ஊர் வாசகசாலையில் கடந்த நவம்பர் 14ஆம் தேதி நடந்த குழந்தைகள் தின விழாவுக்காக, பாலக்காட்டில் வேட உடைகளை வாடகைக்குத் தரும் ஒரு கடையிலிருந்து பெரிய மஞ்சள் பறவை வேடம் ஒன்றை ஒரு நாளுக்கு எடுத்திருந்தோம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பிக் பேர்டைப் பார்த்துத் தைத்த வேடம் அது. எங்கள் சித்தூர் தாலுகாவில் எல்லையோரமாக இருக்கும் தமிழ்ப் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் இப்போது ஆண்டு விழா வந்தால் இப்படிப்பட்ட வேடங்களைத் தேடுகின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் நான்கைந்து பேர் கேட்டுவிட்டதால், விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இந்தப் பறவையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். வகுப்பறைத் திரையில் அதன் காட்சிகளை அவ்வப்போது காட்டியிருந்ததால், எங்கள் பிள்ளைகளுக்கு அது 'பெரிய மஞ்சக்குருவி' என்று ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. ஆங்கிலம் புரியாவிட்டாலும் அந்தப் பறவை எதைக் கண்டு வியக்கிறது, எப்போது வருந்துகிறது என்பதை அவர்கள் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்வார்கள். அதனால்தான் வாடகை வேடத்தை அசலின் அருகே வைத்துப் பார்க்காமல் என்னால் மதிப்பிட முடியவில்லை.

அந்த நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. பிக் பேர்டின் உயரம் 8 அடி 2 அங்குலம். நிகழ்ச்சியின் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் வரைந்த உருவத்தைக் கெர்மிட் லவ் என்ற கலைஞர் வேடமாகக் கட்டிக் கொடுத்தார். உடல் முழுவதும் மஞ்சள் சாயம் ஏற்றிய வான்கோழி இறகுகள், எண்ணிக்கையில் ஏறக்குறைய 4,000. அதற்குள் நின்று ஆடியவர் கேரோல் ஸ்பின்னி. 1969இல் தொடங்கி 2018இல் ஓய்வு பெறும் வரை அந்தப் பறவை அவருடையதாகவே இருந்தது. 2019 டிசம்பர் 8 அன்று தமது 85ஆம் வயதில் காலமானார். அவர் ஓய்வு பெற்றதும் மேட் வோகல் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

உயரத்தையும் இறகையும் விட, அந்த வேடம் இயங்கும் விதமே என்னை மிகவும் கவர்ந்தது. உள்ளே நிற்பவர் தமது வலக்கையைத் தலைக்கு மேலே நீட்டி, பறவையின் தலையையே கையுறை போல அணிந்துகொள்கிறார். அந்தக் கைதான் அலகைத் திறந்து மூடுகிறது, அதே கையின் சுண்டுவிரல் ஒரு நெம்புகோலை அசைத்துக் கண்ணிமைகளை மேலும் கீழும் ஆக்குகிறது. இடக்கை இடச் சிறகுக்குள் இருக்கும். வலச் சிறகுக்குள் கையே கிடையாது. பறவையின் மோவாய்க்கு அடியில் ஒரு வளையத்தின் வழியாக ஓடும் மெல்லிய தூண்டில் நரம்பு இரண்டு சிறகுகளையும் இணைப்பதால், ஒன்று தாழும்போது மற்றொன்று தானாக எழும். வெளியே பார்ப்பதற்கு, நெஞ்சில் ஒரு சிறிய தொலைக்காட்சித் திரையைக் கட்டிக்கொள்வார். கேமரா பார்ப்பதைத்தான் அவரும் பார்ப்பார். பேச வேண்டிய வசனத் தாள்களும் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். கையை உயர்த்தியபடியே, நேராக வெளியே பார்க்கவும் வழியில்லாமல், ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுக்காலத்தின் பெரும்பகுதியை அப்படி நின்று கழித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இவ்வளவு சிரமமும் அந்தப் பறவைக்கு ஓர் அலகும் இரண்டு இமைகளும் அசைய வேண்டும் என்பதற்காகத்தான். அது ஆறு வயதுக் குழந்தை. தொடக்கத்தில் அதை மந்த புத்தியுள்ள ஒரு பெரியவராகவே காட்டியிருக்கிறார்கள்; அதைக் குழந்தையாக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர் ஸ்பின்னி. அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் அது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உருவமாக இல்லாமல், பிள்ளைகளோடு சேர்ந்து தெரியாததைக் கேட்கும் உருவமாக ஆனது. அந்தத் தெருவில் கடை வைத்திருந்த ஹூப்பர் என்ற முதியவராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தபோது, அவருக்குப் பதிலாக வேறொருவரை நடிக்க வைக்காமல் அவருடைய மறைவையே ஒரு நிகழ்ச்சியாக்கினார்கள். அது 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. தான் வரைந்த படங்களைப் பறவை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கான படத்துடன் அவரைத் தேடுகிறது. இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதைப் பெரியவர்கள் அதனிடம் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியில் பறவை பேசுவதைவிடக் கேட்டுக்கொண்டு நிற்பதே அதிகமாக மனத்தில் பதிகிறது. அடுத்து 1985இல், பறவையின் நண்பனான ஸ்னஃபி என்ற பெரிய யானை போன்ற உயிரைப் பெரியவர்களும் நேரில் காணும்படி செய்தார்கள். அதுவரை பறவை அவனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பெரியவர்கள் கற்பனை என்றே தள்ளி வந்தார்கள். தங்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது என்ற கவலையால்தான் அந்த மாற்றம் செய்யப்பட்டது. பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, கேட்டதை நம்புவது என்ற இரண்டையும் அந்த வேடம் இப்படித் தாங்கி நின்றது. ஒரு வேடம் நல்லதா என்று கேட்டால், அது பிள்ளையின் முன்னால் கேட்டுக்கொண்டிருக்க வல்லதா என்றுதான் நான் பார்ப்பேன்.

இனி வாடகை வேடத்துக்கு வருகிறேன். ஒரு நாள் வாடகை 1,800 ரூபாய்; திருப்பித் தரும்போது கிடைக்கும் முன்பணம் 3,000 ரூபாய். முதல் நாள் மாலை எடுத்துக்கொண்டு, விழா முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். "டீச்சரே, பிள்ளைகள் இதைப் பார்த்தால் விடமாட்டார்கள்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது வேடம் மிக அழகாகவே இருந்தது. உச்சியிலிருந்து பாதம் வரை ஏழடி இருக்கும். இறகுக்குப் பதில் நீண்ட மஞ்சள் ரோமத்துணி. அசலைப் போலவே ஆரஞ்சுக் கால்களில் இளஞ்சிவப்பு வளையங்கள். தலை கனமான ஃபோமில் செய்தது. தையலும் உறுதியாக இருந்தது. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பாச்சை உருண்டை வாசனையும், அதற்கு அடியில் பழைய வியர்வை வாசனையும் வந்தன. முதல் நாளே வாங்கி வந்திருந்ததால், வேப்ப மரத்தடியில் கயிறு கட்டி இரவு முழுவதும் காற்றாட விட்டோம். வாசனை பாதி குறைந்தது. எடுப்பவர்கள் கட்டாயமாக முதல் நாளே எடுத்து இதைச் செய்ய வேண்டும். வேடத்துக்குள் ஒருவர் மூச்சு விட வேண்டும் அல்லவா?

வேடத்தைப் போட்டுக்கொண்டவன் என் அக்காள் மகன், கல்லூரியில் படிக்கிறான். நல்ல உயரம், ஊர்த் திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடிப் பழகியவன் என்பதால் சுமைக்கு அஞ்சவில்லை. தலைக்குள் பேட்டரியில் ஓடும் சிறு விசிறி ஒன்று இருந்தது. அது எழுப்பிய சத்தத்துக்கு ஏற்ற காற்று வரவில்லை. அவன் வெளியே பார்ப்பதற்கு வைத்திருந்தது பறவையின் கழுத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு வலை. அதன் வழியாக எதிரே பத்தடித் தூரத்தில் நிற்பவர்களின் முகம் தெரியும். காலடியில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை தெரியாது. போட்டுப் பார்த்த உடனேயே, "சின்னம்மா, கீழே ஒண்ணுமே தெரியலைங்க. யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்றான். பிள்ளைகளுக்கென்று தைத்த வேடத்தில் பிள்ளைகள் நிற்கும் இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போவது பெரிய குறை. துணைக்கு ஆள் தருவதில்லை என்று கடையில் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். நல்ல வேளையாக, நூலகர் அன்று முழுவதும் அவன் இடச் சிறகைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அலகைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அது அசையாது. விரிந்த புன்னகையோடு அப்படியே ஒட்டி வைத்த அலகு. கண்கள் பிளாஸ்டிக், இமை கிடையாது. நெஞ்சில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகள் இரண்டு மாறி மாறி வரும். எங்கள் வாசகசாலைக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். அவர்களிடம் தமிழில் பேசப் போகும் பறவைக்கு அந்தப் பாட்டுகள் வேண்டியதில்லை என்று பொத்தானின் பேட்டரியைக் கழற்றிவிட்டோம்; பையன் தன் குரலிலேயே பேசினான். ஃபோம் குரலை விழுங்கிவிட்டது. அதனால் அவன் சட்டைக் காலரில் ஒரு சிறிய மைக்கைக் குத்தி, கூடத்தின் மூலையில் இருந்த ஒலிபெருக்கியில் இணைத்தோம்.

அப்போது நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். "எல்லோரும் சாப்பிட்டீங்களா?" என்று பறவை கேட்டதும், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்து "சாப்பிட்டோம்" என்றார்கள். பறவையின் வாய் அசையவில்லை, குரல் வேறொரு மூலையிலிருந்து வந்தது. பேசுவது எது என்று பிள்ளைகள் சரியாகவே கண்டுகொண்டார்கள். எங்கள் பக்கத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே பாவையின் நிழலும், கம்பன் பாட்டைச் சொல்லும் புலவரின் குரலும் ஒரே திரைக்குப் பின்னாலிருந்து வருவதால், உதடே இல்லாத தோல் பாவையும் பேசுவதாக நமக்குத் தோன்றுகிறது. இடம் ஒன்றாக இருந்தால் அசைவில்லாத முகத்தையும் மனம் ஏற்றுக்கொள்ளும். எங்கள் பறவைக்கு அசைவும் இல்லை, இடமும் பொருந்தவில்லை.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் ஐந்தாறு பேர் அழத் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய உருவம் மாறாத சிரிப்போடு தங்களை நோக்கி நடந்து வரும்போது அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? திரையில் எட்டடிப் பறவையைக் கண்டு அவர்கள் ஒருபோதும் அழுததில்லை. அங்கே பறவை வியப்பில் வாயைத் திறக்கிறது, இமையைத் தாழ்த்தி நாணுகிறது, தலையைச் சாய்த்து யோசிக்கிறது. அதனால் உயரம் அச்சமாக மாறுவதில்லை. அழுத பிள்ளைகளை அவர்களுடைய அம்மிச்சிமார், அதாவது பாட்டிமார், தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள்.

பதினைந்து நிமிடத்தில் பையனை உள்ளறைக்கு அழைத்துப் போய்த் தலையைக் கழற்றினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாசல் வழியாக வீசிக்கொண்டிருந்த நாள்தான். ஆனாலும் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தது. இரண்டு டம்ளர் சம்பாரம் (மசாலா மோர்) குடித்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. இந்த வேடத்தில் ஒருவர் ஒரே முறையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரர் ஒரு மணி நேரம் தாங்கும் என்று சொன்னது துணிக்கு வேண்டுமானால் பொருந்தும். ஓய்வெடுக்கும்போது பையனே ஒரு யோசனை சொன்னான். மைக் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். தரையில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்கிறேன், பிள்ளைகள் ஒவ்வொருவராக வரட்டும், கைகள் இரண்டையும் சிறகிலிருந்து உருவி உள்ளேயிருந்தே தலையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன் என்றான்.

இரண்டாவது முறை வந்தபோது சிறகுகள் வெறுமனே தொங்கின. அதை ஒரு பிள்ளையும் கவனிக்கவில்லை. தலை மட்டும் அசைந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதலில் வந்தாள். பறவை உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் அந்தக் கறுப்பு வலைக்கு நேராக இருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் கீழுதட்டை விரலால் இழுத்து, முந்தின நாள் விழுந்த பல்லின் இடத்தைக் காட்டினாள். பறவை மெதுவாகத் தலையைச் சாய்த்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்து, அலகு அவள் கன்னத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து, "வலிச்சுதா?" என்று மெல்லக் கேட்டது. குரல் ஃபோமுக்குள் அமுங்கித்தான் வந்தது. ஆனால் பறவையிடமிருந்தே வந்தது. "கொஞ்சூண்டு" என்றாள். பிறகு பல்லைக் கூரை மேல் எறிந்ததையும், அது ஓட்டில் உருண்டு மீண்டும் வாசலில் விழுந்ததையும், அப்பத்தா மறுபடி எறிந்ததையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பின்னால் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்கு அவசரமில்லை, பறவைக்கும் அவசரமில்லை. வராந்தாவுக்குப் போன பிள்ளைகளில் மூன்று பேர் தாமாகவே திரும்பி வந்து, அம்மிச்சியின் சேலை மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே, பிறந்தநாள் விழாவில் அரை மணி நேரம் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள இந்த வேடம் போதும்; தாராளமாக எடுக்கலாம். அங்கன்வாடிக்கும் வாசகசாலைக்கும் எடுப்பவர்கள், நாங்கள் இரண்டாவது முறை செய்தபடி உட்கார்த்தி வைத்துப் பயன்படுத்தினால்தான் கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டு. கூட்டம் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களிடம் நாற்பது பேர் இருந்ததால் கடைசியில் நின்றவர்களுக்கு நேரம் போதவில்லை. முகபாவத்தை மாற்ற முடியாத வேடத்துக்கு உடலசைவு தெரிந்த ஆள் வேண்டும். வேடத்தைவிட ஆளைத் தேடுவதில் கூடுதல் கவனம் செலுத்துங்கள். நம் நாட்டிலேயே 'செசமி ஸ்ட்ரீட்'டின் இந்திய வடிவமாக 2006இல் தொடங்கிய 'கல்லி கல்லி சிம் சிம்' நிகழ்ச்சியில் பூம்பா என்ற சிங்கம் இப்படி முழு உடல் வேடமாகத்தான் வந்தது. இந்த வகை வேடங்கள் நமக்குப் புதியவை அல்ல. அவற்றைத் தைப்பவர்கள் உருவத்தைப் பார்க்கும் அளவுக்கு உள்ளே இருக்கும் கையைப் பார்ப்பதில்லை என்பதே என் வருத்தம்.

திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மனக்கசப்பு ஏற்பட்டது. வலப் பாதத்தின் அடியில் செம்மண் ஒட்டியிருந்தது என்று முன்பணத்தில் 400 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். வாசகசாலை முற்றம் செம்மண் தரை என்பதையும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். துணி துவைக்கும் செலவு என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். பிடித்தம் எதெதற்கு, எவ்வளவு என்பதை எடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வேடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது, நான் செய்யவில்லை.

ஆனாலும் அதே நாளில் கடைக்காரரிடம் அலகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அசல் பறவையின் உள்ளே கை எப்படி இருக்கும் என்பதை அவருடைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். தையல்காரரையும் உள்ளேயிருந்து கூப்பிட்டு நிறுத்திக் கேட்க வைத்தார். கீழ் அலகை வெட்டிக் கீல் வைத்து, உள்ளே ஒரு கைப்பிடியும், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரப்பர் பட்டையும் பொருத்தினால் போதும் என்று தையல்காரர் கணக்குப் போட்டார். கழுத்து வலையை ஒரு சாண் கீழே இறக்கித் தரவும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து, அலகு வேலை முடிந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். பையனை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அலகு திறக்கிறது, மூடும்போது மெலிதாக ஒரு சத்தம் வருகிறது, அது பறவைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஜனவரியில் நடக்கும் அங்கன்வாடி ஆண்டு விழாவுக்கு அதே வேடத்தை முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்திருக்கிறேன். கண்ணிமை வேலை மட்டும் இன்னும் பாக்கி.